மூல நோய்: அகற்றுதலா, நிலைநிறுத்துதலா?

ஆசனவாயில் குருதி கசிந்தாலும், வலித்தாலும், அரித்தாலும், சதை வெளியே தள்ளினாலும் அனைத்தையும் 'மூலம்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது தமிழ்ப் பேச்சு வழக்கு. சித்த மருத்துவம் மூலத்தை 21 வகையாகப் பகுத்திருப்பதும் அச்சொல்லின் பரப்பையே காட்டுகிறது. இன்றைய மருத்துவம் அப்பரப்பைக் குறுக்கி, குறிப்பிட்ட ஓர் உறுப்பின் இடப்பெயர்ச்சியையே மூலம் என்கிறது. சிகிச்சையின் அளவையும் வரிசையையும் தீர்மானிக்க வேண்டியது இவ்வரையறையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மூலம் என்பது புடைத்துச் சுருண்ட சிரை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. ஆயினும் மூலத்தில் வடியும் குருதி சிரைக்குருதியைப் போலக் கருஞ்சிவப்பாக இல்லாமல், தமனிக்குருதியைப் போலப் பளிச்சென்ற சிவப்பாக இருக்கிறது. கல்லீரல் நோயால் வயிற்றுச் சிரைகளில் அழுத்தம் மிகுந்தவர்களுக்கு மலக்குடலில் சிரைப்புடைப்பு தோன்றலாம்; அது மூலத்தின் வேறானது. 1975இல் தாம்சன் என்னும் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் வெளியிட்ட ஆய்வு, ஆசனவாய்க் குழாயின் உட்புறத்தில் குருதி நாளங்களும் தசை இழைகளும் பின்னிய மெத்தைகள் எல்லா மனிதரிடமும் இயல்பாகவே உள்ளன என நிறுவியது. இடப்பக்கம் ஒன்றும், வலப்பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டும் பெரும்பாலும் அமைந்துள்ள இம்மெத்தைகள், ஓய்வு நிலையில் அக்குழாயை மூடிவைக்கும் அழுத்தத்தில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டைத் தருகின்றன. அவற்றைத் தாங்கும் இழைகள் நைந்து, மெத்தைகள் கீழ்நோக்கிச் சரிவதே மூல நோய்.

இறுகிய மலத்தை முக்கி வெளியேற்றுவதும், கழிப்பறையில் நெடுநேரம் அமர்வதும், கருவுறுதலும் முதுமையும் இச்சரிவுக்குத் துணைபோகின்றன. ஆகவே நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்தும் போதிய நீரும் முக்காமல் மலம் கழிக்கும் பழக்கமும் வெறும் துணை அறிவுரைகள் அல்ல. காரணத்தையே நீக்கும் முதற் சிகிச்சை அவை. நார்ச்சத்து குருதிக்கசிவை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதை ஆய்வுகளின் தொகுப்பு மதிப்பீடு காட்டியுள்ளது.

மெத்தை வெளித்தள்ளாமல் குருதி மட்டும் கசிவது முதல் நிலை. வெளித்தள்ளித் தானே உள்ளே செல்வது இரண்டாம் நிலை. கையால் தள்ள வேண்டியது மூன்றாம் நிலை. தள்ளினாலும் நில்லாதது நான்காம் நிலை. உணவு மாற்றத்திற்கு அடங்காத முதல் இரு நிலைகளுக்கும், மூன்றாம் நிலையின் ஒரு பகுதிக்கும், 1963இல் பேரன் என்னும் மருத்துவர் செம்மைப்படுத்திய ரப்பர் வளையக் கட்டு பொருந்தும். சரிந்த சவ்வின் அடிப்பகுதியை உள்ளிழுத்துச் சிறு வளையத்தை மாட்டினால், குருதியோட்டம் தடைப்பட்ட திசு சில நாட்களில் உதிர்ந்து, அவ்விடத்துத் தழும்பு எஞ்சிய மெத்தையைச் சுவரோடு பிணைக்கிறது. ஆசனவாய்க் குழாயின் நடுவிலுள்ள பல்வரிசைக் கோட்டுக்கு மேலே தோலுணர்வு நரம்புகள் இல்லாததால், மயக்க மருந்தின்றியே இதைச் செய்ய முடிகிறது. வளையம் அக்கோட்டை ஒட்டி விழுந்தால் கடும் வலி எழும்.

மெத்தை இயல்பான உறுப்பு என்பதால் அறுத்தெடுப்பது எப்போதும் தவறு என்று முடிவுசெய்தல் பொருந்தாது. 1998இல் லாங்கோ என்னும் மருத்துவர் முன்வைத்த தையற்கருவி முறை, மெத்தைகளை அறுக்காமல் மேலே தூக்கி நிறுத்தி, வலியைக் குறைத்தது. ஆயினும் பிரிட்டனில் 777 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஒப்பீட்டாய்வில், நீண்டகால நலத்தில் மெத்தையை அறுத்தெடுக்கும் மரபான அறுவையே மேம்பட்டது. தாங்கும் இழைகள் முற்றிலும் நைந்த நிலையில், 1937இல் மில்லிகன், மார்கன் என்னும் மருத்துவர்கள் வகுத்த அறுவை போன்ற முறைகள் இன்றும் தேவைப்படுகின்றன.

பல்வரிசைக் கோட்டைக் கொண்டு வலியின் இடத்தை விளக்கும் உடற்கூறு, நோயறிதலுக்கும் எச்சரிக்கை தருகிறது. அக்கோட்டுக்கு மேலே தோன்றும் உள்மூலம் பெரும்பாலும் வலிப்பதில்லை. மலம் கழிக்கையில் கிழிப்பதுபோல் வலித்தால் ஆசனவாய் வெடிப்பையும், திடீரென வலியோடு வீங்கினால் கோட்டுக்குக் கீழே தோன்றும் வெளிமூலத்தில் உறைந்த குருதியையும் முதலில் ஐயுற வேண்டும். வலியற்ற குருதிக்கசிவோ மலக்குடல் புற்றுநோயிலும் உண்டு. கூச்சத்தால் பரிசோதனையைத் தவிர்த்து, எல்லாவற்றையும் மூலம் என்றே கருதிக் களிம்பு தடவிக் காலம் கடத்துவோருக்கு அப்பொதுச்சொல்லே தீங்காகிறது. விரலாலும் உள்நோக்குக் குழாயாலும் சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை, நிலைநிறுத்துவதா அகற்றுவதா என்ற கேள்விக்கு முன்பாக, இது மூலம்தானா என்ற கேள்விக்கு விடை தேடுகிறது.