பாடம் வருகிறது, பதில் வருகிறதா?

செமஸ்டர் பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் இன்று கொஞ்சம் வரலாறு. பயப்படாதீர்கள், போர், பட்டாபிஷேகம் எதுவும் கிடையாது. வீட்டில் இருந்தபடியே இலக்கியமும் வரலாறும் படித்த பெரியவர்களின் கதை.

பி.காம். படிக்கிற எனக்கு இது எதற்கு? காரணம் என் அம்மா. தமிழாசிரியை. 2020 ஊரடங்கின்போது ஓர் இணையவழி செவ்விலக்கிய வகுப்பில் ஆசையாகச் சேர்ந்தார். இரவு சமையலறையை ஒதுக்கிவிட்டு, போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, நோட்டுப் போட்டு எழுதினார். ஐந்தாவது வாரம் நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, போர் அடிக்குதா?"

"வீடியோ நல்லாத்தான்டா இருக்கு. ஒரு பாட்டுல சந்தேகம் கேட்டு ரெண்டு வாரம் ஆச்சு. யாருமே பதில் சொல்லல. சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு."

இதே அம்மாதான் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்தவர். திருத்தி வந்த அந்தத் தாள்கள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. ஓரத்தில் முகம் தெரியாத யாரோ சிவப்பு மையில் எழுதிய குறிப்புகள். தபால்காரர் கொண்டுவந்த படிப்பை முடித்தவரால், கைக்குள்ளேயே வந்த படிப்பை ஏன் முடிக்க முடியவில்லை? அதைத் தேடிப்போனதில் கிடைத்ததுதான் கீழே.

முதல் நிறுத்தம் பாஸ்டன், 1873. அப்போது ஹார்வர்டில் பெண்களுக்கு இடமில்லை. அங்கே பேராசிரியராக இருந்த ஜார்ஜ் டிக்னரின் மகள் அன்னா எலியட் டிக்னர் ஒரு சங்கம் தொடங்கினார். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு வரலாறு, இலக்கியம், கலை முதலியவற்றைக் கடிதம் மூலம் சொல்லித்தரும் சங்கம். கட்டடம் கிடையாது, பட்டமும் கிடையாது. படிக்கிறவர் படித்ததைப் பற்றி மாதாமாதம் எழுதவேண்டும். அந்தப் பக்கம் ஒரு பெண் அதை வாசித்து அவருக்கென்று தனியாகப் பதில் எழுதுவார். புத்தகம் கிடைக்காதவர்களுக்கு நூல்களும் தபாலிலேயே இரவல் போகும். டிக்னர் 1896-ல் இறந்தார், சங்கமும் மறு வருடம் முடிவுக்கு வந்தது. 24 ஆண்டுகளில் சுமார் 7,000 பெண்கள் அதில் படித்திருந்தார்கள்.

இரண்டாவது நிறுத்தம் பிரிட்டன். 1963-ல் தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன் கிளாஸ்கோவில் பேசும்போது, வானொலி, தொலைக்காட்சி வழியாக ஒரு பல்கலைக்கழகம் நடத்தலாம் என்றார். அவர் பிரதமரான பிறகு, பலர் கேலி செய்தும் விடாமல் அதை நடத்திக் காட்டியவர் அமைச்சர் ஜென்னி லீ, ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். 1969-ல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1971 ஜனவரியில் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள், 24,000 பேருக்கு மேல். முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. அந்த முதல் கூட்டத்தில் பள்ளி ஆசிரியர்கள் மிக அதிகம்! பட்டம் இல்லாமல் வேலையில் சேர்ந்தவர்கள், பகலில் பாடம் நடத்திவிட்டு இரவில் மாணவர்களானார்கள்.

பி.பி.சி.யில் பாடம் ஒளிபரப்பானது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டி.வி. பாதிக் கதைதான். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் உண்டு. அனுப்பிய கட்டுரையைத் திருத்தி, எங்கே சரி, எங்கே சறுக்கல் என்று எழுதி அனுப்புவார். கோடையில் ஒரு வாரம் நேரில் கூடுவார்கள். 'எஜுகேட்டிங் ரீட்டா' படம் (1983) பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் அழகு நிலையத்தில் வேலை செய்யும் பெண் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இலக்கியம் படிப்பாள். கதை முழுக்க அவளுக்கும் அவள் ஆசிரியருக்கும் நடுவில் நடப்பதுதான். பின்னிரவு ஒளிபரப்பு 2006-ல் நின்றுவிட்டது, பல்கலைக்கழகம் நிற்கவில்லை.

மூன்றாவது நிறுத்தம் இணையம். 2012-ல் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து எட்எக்ஸ் தொடங்கின. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். முதல் 17 பாடங்களில் 8,41,687 பதிவுகள். சான்றிதழ் வரை போனவை 43,196. நூற்றுக்கு ஐந்து! (சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் இதில் உண்டு. சான்றிதழ் வாங்காமல் பாதிக்கு மேல் படித்தவர்கள் 35,937. எனவே மொத்தத் தோல்வி என்று சொல்வது நியாயம் இல்லை.)

இங்கேதான் என் காஸ்ட் அக்கவுண்டிங் மூளை வேலை செய்தது. நிலையான செலவு, மாறும் செலவு ஞாபகம் இருக்கிறதா? வீடியோ எடுப்பது நிலையான செலவு. பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அதே தொகைதான். ஒருவருடைய கட்டுரையைப் படித்துப் பதில் எழுதுவது மாறும் செலவு. தலை கூடக் கூட அதுவும் கூடும். டிக்னர் அம்மையாரின் சங்கத்தில் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டாவது வகை, தொண்டர்கள் அதைத் தங்கள் நேரத்தால் கட்டினார்கள். பிரிட்டன் இரண்டுக்கும் பணம் ஒதுக்கியது. இலவச இணையப் பாடம் முதல் வகையை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் குறைத்துவிட்டது. அதனால்தான் இலவசம்! கணக்குப் பாடத்துக்கு இது பரவாயில்லை, விடையைக் கணினியே திருத்திவிடும். ஒரு கவிதையை நான் புரிந்துகொண்டது சரியா என்று எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இதை உணர்ந்தவர்களும் உண்டு. ஹார்வர்டின் கிரேக்க இலக்கியப் பேராசிரியர் கிரிகரி நாகி, 1970களின் கடைசியிலிருந்து நடத்திவந்த 'பண்டைய கிரேக்க வீரன்' பாடத்தை 2013-ல் எட்எக்ஸில் கொண்டுவந்தார். சேர்ந்தவர்கள் பல்லாயிரம் பேர். அத்தனை பேருக்கும் யார் பதில் சொல்வது? தன்னிடம் முன்பு படித்தவர்களிடம் நேரத்தைத் தானமாகக் கேட்டார். அவர்கள் வந்து விவாதங்களை நடத்தினார்கள். பாடம் 24 'மணி நேரங்களாக'ப் பிரிக்கப்பட்டது. முடித்தவர்கள் கலைந்து போகாமல் தொடர்ந்து சேர்ந்து படிக்க ஒரு கூடம் அமைந்தபோது, அதற்கு வைத்த பெயர் '25-வது மணி'. எனக்கு ரொம்பப் பிடித்த பெயர்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. எட்எக்ஸுக்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 2001-ல், தமிழக அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவிட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். சங்க நூல்களை உரையோடு மின்நூலகத்தில் வைத்தது மட்டுமல்ல, வெளிநாட்டுத் தமிழர்களுக்காகப் பல நாடுகளில் தொடர்பு மையங்களும் வைத்தது. 'தொடர்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

150 வருடத்தில் தபால், டி.வி., இணையம் என்று பாதை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. படித்து முடித்தவர்களுக்கு மட்டும் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்திருக்கிறார். அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீயே உக்காந்து கேளேன், நான் சொல்றேன்" என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அம்மாவும் அந்தப் பழைய வீடியோக்களை முதலிலிருந்து பார்க்கிறோம். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் ஐந்தாவது வாரத்தைத் தாண்டிவிட்டோம். :-)

உங்கள் வீட்டிலும் பாதியில் நின்ற படிப்பு ஏதாவது இருக்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள்.