விடுதிப் பேயும் அதன் சத்தங்களும்

பழைய மாணவிகள் நான்கு பேர் எங்கே கூடினாலும், அது இரத்தினபுரியோ ரொறன்ரோவோ, அதிபரும் பரீட்சையும் பருப்புக் கறியும் பேசி முடிந்ததும் பேச்சு விடுதிப் பேயில் வந்து நிற்கும். பாடசாலையின் வரலாற்றை இம்மலரில் வேறு கைகள் எழுதியிருக்கின்றன. பேயின் வரலாற்றை நாங்கள் எழுதுகிறோம்.

எங்கள் விடுதி முன்னர் துரை பங்களா. அங்கே செத்துப்போன ஒரு துரை இரவில் சப்பாத்துக் காலோடு நடக்கிறார் என்பது கதை. (சப்ரகமுவவில் எந்தத் தோட்டத்தில் விசாரித்தாலும் இப்படி ஒரு துரை இருப்பார். சிலருக்குக் குதிரையும் உண்டு, குதிரை ஏறவே முடியாத மேட்டிலும்.) இப்போது சிரிக்கிறோம். ஆனால் பயந்து விடுதியை விட்டுப் போன பிள்ளைகள் இருந்தார்கள். லயத்திலிருந்து படிக்க வந்த பிள்ளை பாதியில் திரும்பிப் போனால், பேர் பதிந்து பால்வெட்டுக்கோ கொழுந்துக்கோ போவதுதான் மிச்சம்.

எழுபதுகளில் எங்களுக்கு வாய்த்த விஞ்ஞான ஆசிரியை ஆபிரகாம் கோவூரை விடாமல் வாசிப்பவர். கேரளத்திலிருந்து வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பின்னர் கொழும்பிலும் தாவரவியல் படிப்பித்த கோவூர், 1959இல் ஓய்வு பெற்ற பின் பேய் வீடுகளைத் தேடிப் போய் விசாரித்தவர். கூரையில் கல் விழும் வீடுகளில் கல்லை எறிவது பேயல்ல, அந்த வீட்டிலேயே மனம் நொந்து கிடக்கும் ஒருவர் என்பது அவர் திரும்பத் திரும்பக் கண்டது. எங்கள் ஆசிரியை இதைச் சொல்லிவிட்டு, "முதலில் சத்தத்தை எழுதுங்கள், பிறகு பேயைப் பார்ப்போம்" என்று ஒரு கொப்பியைத் தந்தார். நேரம், இடம், மழையா வெயிலா. ஒரு தவணை எழுதினோம்.

துரையின் நடை முதலில் பிடிபட்டது. மழை நாளில் அவர் நடப்பதில்லை. நல்ல வெயில் அடித்த நாளின் இரவில்தான் நடப்பார். வெயிலில் காய்ந்த தகரம் இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. பத்தடித் தகரம் 30 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் குறுகும். ஆணி அதை விடாது. இழுவை கூடிக்கூடி ஓரிடத்தில் சட்டென்று வழுக்கும்போது ஒரு "டக்". பிறகு அடுத்த தகரம். கீழே படுத்திருப்பவளுக்கு ஒருவர் கூரையின் நீளத்துக்கு நடந்து போவது போலவே இருக்கும்.

சீலிங்கில் ஓடி விளையாடிய குழந்தைப் பேய்க்குச் சாட்சி கிடைத்தது. டோர்ச் லைற்றோடு மேலே ஏறிய ஆசிரியை கைநிறையக் கித்துள் விதைகளோடு இறங்கினார். மரநாய் கித்துள் பழம் தின்று விதையை எச்சத்தோடு விட்டிருந்தது. குட்டிகளும் இருந்தன.

உச்சி வேளையில் கூரையில் கல் விழுவதுதான் எங்களை அதிகம் நடுக்கியது, உச்சியில் முனி நடமாடும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா. கொப்பியில் அது ஆடி, ஆவணியில் மட்டுமே இருந்தது. சுற்றிலும் இறப்பர். காய்க்குள் மூன்று விதை. முற்றிய காய் வெயிலில் காய்ந்து வெடித்து விதையைப் பல யார் தூரம் எறியும். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சுமார் 1,900 கன்றுகள் கப்பலில் வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அதற்கு முன்னர் இந்த மலைகளில் எந்த முனியும் இந்தக் கல்லை எறிந்திருக்க முடியாது.

இரவு அலறல் மட்டும் லேசில் அடங்கவில்லை. சிங்களத்தில் உலமா என்பார்கள். பிள்ளையைக் கொன்று கறியாக்கிய கணவனிடமிருந்து காட்டுக்கு ஓடிய தாய் பறவையானாள் என்பது கதை. 1845 முதல் 1850 வரை குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் தம் நூலில் இதை ஆந்தை என்கிறார். குருநாகலில் அதைக் கேட்ட மிற்போர்ட் என்ற அதிகாரி அவரை மறுத்து, கழுத்து நெரிபடும் சிறுவனின் குரல் போல என்று விவரிக்கிறார். காதுபோல் இறகுக் கொத்து நிமிர்ந்த காட்டுப் பேராந்தை என்பதே இன்று பலரும் ஏற்கும் விடை. விடை தெரிந்த பிறகும் நாங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கொப்பி நிறைந்ததும் எங்களுக்குத் தலைக்கனம் வந்தது. எந்தச் சத்தம் கேட்டாலும் "தகரம்" என்று சொல்லித் திரும்பிப் படுப்போம். அடுத்த வைகாசி மழையில் பின்னறையில் புதிதாக ஒன்று கேட்டது. மழை பெய்யும்போதே சுவருக்குள் முறிவது போல ஒரு சத்தம். கதவு சட்டத்தில் இறுகி மூட மறுத்தது. மேற்றன் கோடாங்கியை அழைத்துத் தேசிக்காய் வெட்டினார். நாங்கள் தகரம் என்றோம். இரண்டும் பிழை.

விடுதிக்கு மேலே பால் வெட்டிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் குசினி வாசலில் வந்து சொன்னார்: "பால் செரட்டையில விழாம வெளிய ஒழுகுது. மரம் சாயாம அப்புடி ஒழுகாது. மண்ணு எறங்குது புள்ளைங்களா."

ஆசிரியை மறுபேச்சுப் பேசவில்லை. அன்று மாலையே பாய்களோடு பிரதான மண்டபத்துக்குப் போனோம். மூன்றாம் இரவு பின்னறை மண்ணுக்குள் போனது. பதினொரு கட்டில்கள் அதில் இருந்தன.

2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய களுப்பஹன தோட்ட லயத்தின் மேலும் மண் விழுந்தபோது, எங்களில் பலர் வெவ்வேறு நாடுகளிலிருந்து ஒருவரையொருவர் அழைத்துப் பேசினோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அறிகுறிகளில் சுவர் வெடிப்பும், மூடாத கதவும், சாயும் மரமும் இருக்கின்றன. ஆச்சியின் பெயரைக் கேட்டு வைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மண்டபத்துக்கு மாறிய இரண்டாம் வாரம் அங்கேயும் சீலிங்கில் ஓட்டம் கேட்டது. காலையில் கீழே கித்துள் விதை கிடந்தது.