பல்லாவரத்துக் கல்

எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். கடைக்காலிலிருந்து பெரிய பெரிய கருங்கற்கள் வெளியே வந்தன. உடைந்த முகத்தில் நீலம் கலந்த கருமை, எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுக்கு. "லோக்கல் கல்லு சார். பல்லாவரம் மலையில உடைச்சது. இப்ப இது எங்க கிடைக்குது?" என்றார் மேஸ்திரி. பத்து வருடமாகப் பல்லாவரத்தில் குடியிருக்கிறேன். தினமும் ரயிலில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் வேலைக்குப் போகிறேன். அந்தக் கல்லுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதும், அது கொல்கத்தாவிலுள்ள ஒரு கல்லறையிலிருந்து வந்தது என்பதும் அன்று இரவு படிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் 1693இல் இறந்தார். கல்கத்தாவை நிறுவியவர் என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தது இவரைத்தான். செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கும் அவருடைய கல்லறைப் பலகை, சென்னைப் பக்கத்திலிருந்து கடல்வழியாகப் போன கல். ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளும் அதுவும் ஒன்றே என்று கண்டு, 1893இல் அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரால் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். இன்று அண்டார்டிகாவில் இதே வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். பெயர் கல்லறைக்காரருடையது, கல் நம்ம ஊருடையது.

இந்தக் கல் உருவாகிச் சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது பிறந்த இடம் மலையுச்சி இல்லை. பூமிக்குள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழம். அங்கே வெப்பம் 700, 800 டிகிரி செல்சியஸ். அப்படியென்றால் மேலே இருந்த 20 கிலோமீட்டர் பாறை எங்கே?

மழை கொண்டுபோனது. அவ்வளவுதான் பதில். காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து, அதை மிக லேசான அமிலமாக்குகிறது. அந்த நீர் விரிசல்களில் இறங்கி, பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக மாற்றுகிறது. கரையாத குவார்ட்ஸ் மணலாக உதிர்கிறது. இரண்டையும் ஆறு கடலுக்கு இழுத்துப்போகிறது. சரக்கை இறக்க இறக்கப் படகு மிதந்து மேலே வருமே, அப்படி மேற்சுமை குறையக் குறைய அடியிலிருந்த பாறை உயர்ந்து வந்தது. நாம் மலை என்று அண்ணாந்து பார்ப்பது, போனது போக மிஞ்சியதை.

அப்படி மிஞ்சியதில் இன்னொன்று மலையடிவாரத்துச் சிவப்புச் சரளை. மழை பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் தங்கித் துரு நிறத்தில் இறுகியது. லேட்டரைட் என்பார்கள். 1863 மே 30 அன்று, பல்லாவரம் ராணுவத் திடலருகே இந்தச் சரளையைத் தோண்டிப் போட்டிருந்த ஒரு குழியில்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைப் பொறுக்கினார். அது மனிதக் கை செதுக்கிய கைக்கோடாரி. இந்தியாவின் பழைய கற்காலம் ஏடேறியது அந்தக் குழியிலிருந்துதான்.

அந்தக் கோடாரி சார்னோகைட் இல்லை, குவார்ட்சைட். செதுக்கினால் கூர்முனை கிடைக்கும் கல் அது. சென்னைக்கு வடமேற்கே, கொசஸ்தலையாற்றுப் படுகையை ஒட்டிய குன்றுகளில், பழைய நீரோட்டங்கள் உருட்டி வழவழப்பாக்கிய குவார்ட்சைட் கற்கள் ஏராளம். அதே 1863 செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் மிகப் பழையவற்றுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் நிறுவினார்கள். ஆறு கொண்டுவந்து போட்ட கல்லைத்தான் மனிதன் முதலில் கையில் எடுத்தான்.

இப்போது மலையிடமே போய் எடுக்கிறோம். பல்லாவரத்தைச் சுற்றி, வெடி வைத்துப் பிளந்த இடங்களில் பச்சைத் தண்ணீர் தேங்கிய குட்டைகள் கிடக்கின்றன. மழைக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்த வேலையை லாரிகள் இரண்டு மூன்று தலைமுறையில் முடித்துவிட்டன. ஆனால் ஆறு எடுத்ததை வேறோர் இடத்தில் மணலாக, வண்டலாக, வயலாக வைத்துவிட்டுப் போகும். நாம் எடுத்த இடத்தில் இருப்பது பள்ளம்.

இதைக் கோபமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் வீட்டுக் கான்கிரீட்டிலும் ஏதோ ஒரு மலையின் ஜல்லிதான் இருக்கிறது. ஃபூட்டுக்குக் கோடாரி கிடைத்ததே யாரோ சரளைக்காகத் தோண்டியதால்தான். 2017 வறட்சியில், மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். குடித்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. சரளைக் குழியை எட்டிப் பார்க்க அன்றைக்கு ஒரு ஃபூட் இருந்தார். நாம் தோண்டிய குழிகளை யார் பார்த்தது? எத்தனை கோடாரிகள் ரோட்டுக்கு அடியில் போயினவோ.

மேஸ்திரியிடம் கேட்டு ஒரு துண்டுக் கல்லை வாங்கி வந்தேன். "எதுக்கு சார், அம்மி கொத்தவா?" என்று சிரித்தார். "சும்மா, வெச்சுக்கறேன்" என்றேன். பால்கனியில் வைத்திருக்கிறேன். மழை பெய்தால் நனைகிறது. அதன் வேலை அங்கேயும் நடந்துகொண்டிருக்கும்.