சுண்ணாம்புச் சுவரும் பூஞ்சணமும்

எங்கள் தங்காக் வட்டாரம் குனோங் லேடாங் மலையடிவாரத்தில் உள்ளது. இங்கே மழைக்கும் ஈரத்திற்கும் குறைவில்லை. நனைந்த துணியை இரண்டு நாள் மூடி வைத்தால் பூஞ்சணம் பூத்துவிடும். வெந்நீர் ஆவி படியும் குளியலறைச் சுவரைக் கேட்கவே வேண்டாம். இதைத் தடுக்கும் வழியை நம் தோட்ட வரலாற்றிலிருந்தே இன்று நாம் அறிந்துகொள்வோம்.

கித்தாத் தோட்டத்தில் பூஞ்சணம் ஒரு பழைய எதிரி. பாலை உறைய வைத்து, உருளையில் அழுத்தி, ஷீட்டுகளாக்கிப் புகையறையில் சில நாள் உலர்த்துவார்கள். ஈரம் முழுவதும் போகாமல் கட்டிய ரப்பர், கப்பலில் போகும்போதே பூஞ்சணம் பிடித்துத் தரம் குறைந்துவிடும். அதனால் புகையறையின் சூட்டையும் காற்றோட்டத்தையும் கவனித்துக்கொள்ளத் தனி ஆள் இருந்தார். பாரா நைட்ரோ ஃபீனால் என்னும் நச்சு மருந்தும் பூஞ்சணத்தைத் தடுக்கப் பயன்பட்டது. ஆனால், ரப்பருக்குக் கிடைத்த இந்தக் கவனிப்பு, பால் வெட்டியவரின் வீட்டுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை.

லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பே துணை. நீரில் கரைத்த சுண்ணாம்பு கடுங்காரம் உடையது. அதில் பூஞ்சணம் பிழைக்காது. சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அது மெல்ல மெல்லக் கல்லாக மாறுகிறது. அப்போது காரம் குறைந்து, பூஞ்சணம் திரும்பவும் தலைகாட்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் வழக்கத்தால் சுவர் அழகு பெற்றது, காரமும் புதுப்பிக்கப்பட்டது.

வீட்டின் நிலை நிர்வாகத்தின் பொறுப்பு என்பதைச் சட்டமும் ஏற்றது. தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்புத் தரச் சட்டம் 1966ஆம் ஆண்டில் வந்தது. அதற்குப் பதிலாக 1990ஆம் ஆண்டில் வந்த சட்டமும், தொழிலாளருக்குக் கொடுத்த வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது.

சுண்ணாம்புக்குப் பின் சாயங்கள் வந்தன. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பழைய சாயம் பூஞ்சணத்திற்கே தீனியாகும். புதுச் சிமெண்டுச் சுவரில் அதைப் பூசினால், சிமெண்டின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும், சாயம் உரிந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீரில் கலக்கும் எமல்ஷன் சாயங்கள் பரவின. சிலவற்றில் பூஞ்சணத்தைக் கொல்லப் பாதரசம் சேர்த்தார்கள். வீட்டுக்குள் அது ஆவியாகி மனிதரையும் தாக்கும் என்று தெரிந்ததால், வீட்டுக்குள் பூசும் சாயத்தில் அதைச் சேர்க்க அமெரிக்கா 1990இல் தடை விதித்தது.

இன்று குளியலறைக்கு ஏற்றது, பூஞ்சணத்தைத் தாங்கும், கழுவக்கூடிய அக்ரிலிக் எமல்ஷன் சாயம். முதலில் நீர்க்கசிவை அடைக்கவேண்டும். பூஞ்சணத்தைத் தேய்த்துக் கழுவிச் சுவரை நன்றாகக் காயவிடவேண்டும். பழைய சுண்ணாம்பு உதிர்ந்தால் சுரண்டி எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் புதுச் சாயம் அதோடு உரிந்து வரும். ஈரச் சுவரின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த சாயம் பூசினாலும் பணம் வீண். குளித்து முடித்ததும் சன்னலைத் திறந்துவிடுங்கள். சுண்ணாம்பே அடிப்பதானால் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வாழ்வோருக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் அறிவித்தது. ஆகவே, தோட்ட வீட்டில் கூரை ஒழுகினால் சாயத்தால் மறைக்காமல் நிர்வாகத்திடம் பழுதுபார்க்கக் கேளுங்கள். அது சலுகை அன்று, உரிமை. ரப்பர் ஷீட்டுக்கு உலர்ந்த அறை வேண்டுமென்றால், நம் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் அது வேண்டுமல்லவா?