கலிலியோவின் ஒற்றைத் தாள்

மேசையின்மேல் உருண்டோடும் பந்து விளிம்பைக் கடந்ததும் வளைந்து சென்று தரையில் விழுகிறது. அவ்வளைவுக்குப் பரவளைவு என்று பெயர். மாணவ நேயர்கள் இதனை நன்கு அறிவீர்கள். அவ்வளைவின் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு கையெழுத்துத் தாளைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

எறியப்பட்ட பொருள் தனக்கு ஊட்டப்பட்ட வேகம் தீரும்வரை நேரே செல்லும், தீர்ந்த பின்னரே விழும் என்பது பழையோர் பலரின் கருத்து. 1537இல் வெனிஸ் நகரில் நூல் வெளியிட்ட தார்தாக்லியா, 45 பாகைச் சாய்வில் சுட்டால் பீரங்கிக் குண்டு மிகுதொலைவு செல்லும் என்று சரியாகவே சொன்னார். ஆயினும் அவர் வரைந்த பாதை முதலில் நேர்க்கோடு, இடையில் வட்டவில், முடிவில் செங்குத்துக் கோடு! முன்னோக்கிய இயக்கமும் கீழ்நோக்கிய வீழ்ச்சியும் தொடக்கமுதல் ஒருங்கே நிகழ்வதற்கு அப்படத்தில் இடமில்லை.

அவ்விரண்டும் ஒருங்கே நிகழும், ஒன்றையொன்று தடுக்கமாட்டா என்று 1638இல் லெய்டன் நகரில் அச்சான நூலில் நிறுவியவர் கலிலியோ. அப்போது அவர் வீட்டுக்காவலில் இருந்தார், பார்வையையும் இழந்திருந்தார். நூலில் அவர் தந்தது வடிவகணித நிறுவல். ஆதலால் பிற்காலத்தார்க்கு ஓர் ஐயம் எழுந்தது: இவர் உண்மையிலேயே சோதனை செய்தாரா, மனத்தளவில் சிந்தித்து முடித்தாரா? வரலாற்றறிஞர் அலெக்சாந்தர் கொய்ரே இரண்டாவது கட்சியைச் சார்ந்தார். கல்லூரி நாட்களில் நானும் அவர் பக்கமே இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1973இல் ஸ்டில்மன் டிரேக் என்னும் ஆய்வாளர், பிளாரன்ஸ் நூலகத்திலிருந்த கலிலியோவின் குறிப்புகளிலிருந்து ஒரு தாளை வெளியிட்டார். அது 1608ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டதென்பர். மேசைமேல் ஒரு சாய்தளம். அதில் பந்து உருண்டிறங்கி, மேசையை விட்டுக் கிடையாகப் பாய்ந்து, 828 புள்ளி கீழேயுள்ள தரையில் விழுகிறது. புள்ளி என்பது கலிலியோவின் அளவு. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இதன் நுட்பத்தைச் சற்றே கவனியுங்கள். மேசையின் உயரம் மாறவில்லை. ஆகவே எத்தனை வேகத்தோடு பாய்ந்தாலும் தரையை அடையும் நேரம் ஒன்றே. பந்தின் வேகமோ சாய்தளத்தில் அது இறங்கிய உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே உயரம் இரட்டித்தால் தொலைவு இரட்டிக்காது, ஏறத்தாழ 1.414 மடங்கே ஆகும். வீழ்ச்சி கிடை இயக்கத்தைக் கெடுக்குமாயின் இவ்விகிதம் பிறழ்ந்துவிடும்.

கலிலியோ 300 புள்ளி உயரத்திலிருந்து விட்ட பந்து 800 புள்ளி தொலைவில் விழுந்தது. 600 புள்ளிக்குக் கணக்குப்படி 1131; அளந்தது 1172. ஆயிரத்துக்குக் கணக்குப்படி 1460, அளந்தது 1500. வந்திருக்க வேண்டிய எண்ணையும் வேறுபாட்டையும் தம் கையாலேயே குறித்திருக்கிறார். மனத்தளவில் சோதனை செய்பவர் நாற்பது புள்ளிப் பிழையைக் கற்பனை செய்வாரா?

இத்தாளின் நோக்கம் யாதென்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அளந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் அளந்தவை யாவும் கணக்கைவிடச் சற்று மிகுதியாகவே உள்ளன. எல்லாக் கணக்கும் முதல் அளவாகிய 800ஐ அடிப்படையாகக் கொண்டவை. அவ்வோரளவு சிறிது குறைந்திருந்தால் மற்றவை யாவும் மிகுந்தே தோன்றும். அன்று முதற்பந்தின் தடத்தைச் சற்று முன்னதாகக் குறித்துவிட்டார் போலும்.