டிஸ்ஸனன்ஸ்: முரண்பாடா, இசையாமையா?

'டிஸ்ஸனன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுத நேரும்போதெல்லாம் 'முரண்பாடு' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அபஸ்வரம், ஒவ்வாமை என்றும் எழுதுவோர் உண்டு. மூன்றுமே சற்றுத் தள்ளித்தான் விழுகின்றன. முரண்பாடு தர்க்கத்தைச் சேர்ந்தது. அபஸ்வரம் பாடுபவரின் பிழை. ஒவ்வாமை என்றாலோ இன்று தூசியும் இறாலும்தான் நினைவுக்கு வருகின்றன.

லத்தீனில் 'சோனாரே' என்றால் ஒலித்தல். 'டிஸ்' என்பது விலகலைக் குறிக்கும். நொடிக்கு 440 அதிர்வுள்ள சுரத்தோடு 660 அதிர்வுள்ள சுரத்தைச் சேர்த்து ஒலித்தால் இரண்டும் பொருந்திப் போகும். 660க்குப் பதிலாக 466 என்றால் காதில் ஓர் உரசல். தனித்தனியே எந்தச் சுரமும் தவறில்லை. உரசல் சேர்க்கையில் இருக்கிறது. பழந்தமிழ் இசை நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று வகுத்ததும் இந்தக் காது கொண்டுதான். கர்நாடக இசையின் 72 மேளங்களில் 40 விவாதி மேளங்கள். பலர் அவற்றைத் தவிர்த்தார்கள். கோடீஸ்வர ஐயர் எழுபத்திரண்டிலும் தமிழிலேயே கீர்த்தனைகள் செய்தார்.

உளவியலுக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர் லியோன் ஃபெஸ்டிங்கர் (1957). கார்ல்ஸ்மித்துடன் சேர்ந்து 1959இல் அவர் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலையொன்றைக் கொடுத்து, அடுத்து வருபவரிடம் 'சுவாரசியமான வேலை' என்று பொய் சொல்லச் செய்தார்கள். கூலி சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். பிறகு விசாரித்தபோது, வேலை நன்றாகவே இருந்தது என்றவர்கள் பெரும்பாலும் 1 டாலர்க்காரர்கள்! இருபது டாலர் பொய்க்குக் காரணமாகிவிடும். ஒரு டாலர் ஆகாது. ஆகவே மனமே மாறிக்கொண்டது. எட்டாத பழம் புளிக்கும் என்ற நம் நரியும் இந்த வழிதான்.

அன்றாடப் பேச்சில் பிறருடைய இரட்டை வேடத்தைச் சுட்ட இச்சொல்லை எடுத்து வீசுகிறார்கள். அது பிழை. சொல் ஒன்று, செயல் ஒன்று, உறுத்தலே இல்லை என்றால் அதற்குப் பெயர் பாசாங்கு. டிஸ்ஸனன்ஸ் என்பது அந்த உறுத்தல். 'முரண்பாடு' என்ற மொழிபெயர்ப்பு இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது.

என் தேர்வு 'இசையாமை'. இசை என்றால் ஒலி. இசைதல் என்றால் உடன்படுதல். லத்தீன் வேருக்கு இல்லாத இந்த இரண்டாவது பொருள் தமிழில் தயாராகக் கிடக்கிறது. சம்மதிக்க மறுத்தல் என்று சிலர் வாசிக்கக்கூடும், உண்மைதான். 'மனத்தின் இசையாமை' என்று எழுதினால் அந்த ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.