குடும்பத்தோட வால்பாறை ட்ரிப்: 40 வளைவுகளில் எங்கெங்கே நிற்கலாம்?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு சுமார் 65 கி.மீ.தான். ஆனால் ஆழியாரைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் வரிசைகட்டி வரும். குழந்தைகளோட போறவங்க நின்று நின்று போவதே நல்லது.

கிளம்பும் முன்: 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் கட்டாயம். குழந்தைகளுக்கு வாந்தி வராமல் இருக்க, டிபனை லைட்டா முடிச்சுக்கோங்க.

எங்கே நிற்கலாம்?

• ஆழியார் அணை: பூங்காவில் குழந்தைகள் ஓடியாடலாம்.

• குரங்கு அருவி: வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. செக்போஸ்டில் விசாரிச்சுக்கோங்க.

• 9வது வளைவு: லோம்ஸ் வியூ பாயிண்ட். ஆழியார் அணை கீழே அழகாகத் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் வரையாட்டையும் பார்க்கலாம்.

• புதுத்தோட்டம்: அழிவின் விளிம்பில் உள்ள சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும் இடம். மெதுவா போங்க. தின்பண்டம் போடாதீங்க, அந்த ருசிக்கு ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடும்.

இறங்கும்போது: ஆபத்து இங்கேதான் அதிகம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பிடிக்காமல் போகலாம். ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்குங்க. நியூட்ரல் வேண்டவே வேண்டாம். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்க.

யானை, சிறுத்தை நடமாடும் பாதை இது. இருட்டுவதற்குள் ஆழியார் வந்து சேர்வது போல பிளான் பண்ணுங்க!